மகள்கள் முதலில் புறப்பட்ட நாடு

(பொருளியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் வளர வளர ஒரு நாட்டு மக்கள் செய்யும் வேலை எப்படி மாறுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு படம் இருக்கும். வேளாண்மைக் கோடு இறங்கும். தொழிற்சாலைக் கோடு ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும். சேவைத் துறைக் கோடு ஏறிக்கொண்டே போகும். தேர்வுக்கு அந்தப் படம் போதும். இன்று நான் கேட்கப்போகும் கேள்வி மட்டும் அந்தப் படத்தில் இல்லை. வயலை விட்டு மக்கள் வெளியேறினார்கள் என்கிறோமே, ஒரு குடும்பத்திலிருந்து முதலில் வெளியேறியது யார்? மகனா, மகளா? அதற்கான விடை என்ன என்பதைப் பொறுத்து அந்த நாட்டின் அடுத்த ஐம்பது ஆண்டுகளே வேறு மாதிரி அமைந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். தென் கொரியாவை முன்னால் வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உழவைவிடக் கைத்தொழிலில் வருமானம் அதிகம், அதைவிட வணிகத்தில் அதிகம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் பெட்டி என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1690-ல் அது அச்சாயிற்று. 1940-ல் காலின் கிளார்க் பல நாடுகளின் புள்ளிவிவரங்களைத் திரட்டி, வருமானம் உயர உயர ஆட்களும் அதே வரிசையில்தான் இடம் மாறுகிறார்கள் என்று காட்டினார். காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சம்பளம் மூன்று மடங்கானால் யாரும் மூன்று மடங்கு சோறு சாப்பிடுவதில்லை. துணிமணி, வண்டி, பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரி என்று செலவு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இன்னொரு பக்கம், ஊரே இறங்கி அறுத்த வயலை அறுவடை எந்திரம் அரை நாளில் முடித்துவிடுகிறது.

1954-ல் ஆர்தர் லூயிஸ் இதற்கு ஒரு பொறிமுறை சொன்னார். செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்து 1979-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஐந்து பேர் பகிர்ந்து பார்க்கும் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் ஆலைக்குப் போனால் விளைச்சல் குறையாது. அப்படிப்பட்ட உபரி ஆட்கள் தீர்ந்துபோகும்வரை ஆலைக் கூலியும் பெரிதாக ஏறாது. இது எல்லாருக்கும் தெரிந்த லூயிஸ். அதே கட்டுரையில், உபரி ஆட்கள் எங்கிருந்தெல்லாம் வருவார்கள் என்று அவர் கணக்குப் போடும் இடத்தில், வீட்டின் மனைவிமாரையும் மகள்களையும் தனியாகக் குறிப்பிடுகிறார். வீட்டுக்குள் செய்துவந்த வேலையை விட்டுவிட்டுப் பெண்கள் கூலி வேலைக்கு வருவது வளர்ச்சியின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று என்கிறார். பாடநூல்கள் பெரும்பாலும் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டன. நாம் அங்கேயே கொஞ்சம் நிற்போம்.

1960-ஐ ஒட்டித் தென் கொரியாவின் தலைவருமானம் ஆண்டுக்கு 100 டாலர் அளவில்தான் இருந்தது. அன்றைய இந்தியாவும் ஏறக்குறைய அதே படியில் நின்றது. 1963-ல் கொரியாவில் வேலை செய்தவர்களில் 63 விழுக்காட்டினர் உழவிலும் மீன்பிடிப்பிலும் இருந்தார்கள். ஆலைகளில் இருந்தவர்கள் 8 விழுக்காடு. 1990-க்கு வாருங்கள். உழவு 18 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது, ஆலை 27 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. இங்கிலாந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட பயணத்தை இவர்கள் ஒரு தலைமுறைக்குள் முடித்துவிட்டார்கள். 1963-ல் நாற்று நட்ட அம்மாவின் மகள் 1990-ல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் ராணுவ ஆட்சி, அதன் தலைவர் பார்க் சுங்-ஹீ, ஐந்தாண்டுத் திட்டம், ஏற்றுமதி என்று சொல்வார்கள். எல்லாம் சரிதான். அதற்கு முன்பே நடந்த இரண்டு காரியங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். 1950-ஐ ஒட்டி நடந்த நிலச் சீர்திருத்தம் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்தது. ஊரையே கையில் வைத்திருந்த பெரிய நிலக்கிழார்கள் அத்தோடு ஒழிந்தார்கள். இரண்டாவது, பள்ளிக்கூடம். அறுபதுகளில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும், பெண் குழந்தைகளும் சேர்த்து, ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை முடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, யாருக்கும் கட்டுப்பட்ட பண்ணையாளாக இல்லாத பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் ஒவ்வொரு கிராமத்து வீட்டிலும் இருந்தாள். மகனை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப் பணம் வேண்டும். நிலம் சிறியது. ஆகவே மகள் ரயில் ஏறினாள்.

அவள் போய் இறங்கிய இடங்களில் ஒன்று சியோல் நகரின் தென்மேற்கு ஓரத்தில் அறுபதுகளின் நடுவில் உருவான குரோ தொழிற்பேட்டை. சட்டை, கம்பளிப் பின்னல், டிரான்சிஸ்டர் உறுப்புகள் எல்லாம் அங்கே செய்தார்கள். அந்தக் காலக் கொரிய ஏற்றுமதிப் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். 1970-ஐ ஒட்டி அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த முன்னணிச் சரக்குகளில் ஒன்று டோப்பா, அதாவது தலையில் வைக்கும் செயற்கை முடி. கப்பல் கட்டுவதும் கார் செய்வதும் பின்னால் வந்தவை. அந்தக் கப்பல் தளத்துக்கான எந்திரங்களை வாங்க உதவிய டாலர்களில் ஒரு பங்கு தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து வந்தது.

அவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? சியோலில் பியோங்வா சந்தை என்று ஓர் இடம். துணிக் கடைகளும் மேல் மாடிகளில் தையல் பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கட்டடம். ஒரே அறையை நடுவில் பலகை போட்டு இரண்டு தட்டாக்கியிருப்பார்கள். மேல் தட்டில் வளர்ந்த ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஜன்னல் கிடையாது. துணித் தூசியில் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம். தையல்காரிக்கு உதவியாளாக நூல் வெட்டுவதும் இஸ்திரி போடுவதும் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமிகள். நம் ஊர் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கிற பிள்ளைகள் இருந்தார்களே, அதே வேலை. அந்தப் பட்டறைகளில் ஒன்றில் துணி வெட்டிக்கொண்டிருந்த சுன் டே-இல் என்ற இளைஞர், பட்டினியாக இருக்கும் சிறுமிகளுக்குத் தன் பஸ் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு இரவில் மணிக்கணக்கில் நடந்தே வீட்டுக்குப் போவாராம். தொழிலாளர் சட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்துப் படித்தார். அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, அந்தச் சட்டப் புத்தகத்தோடு, தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 22 வயது.

கொரிய வளர்ச்சியைப் புகழ்ந்து எழுதும் அறிக்கைகளில் இந்தத் தேதியை நான் பார்த்ததில்லை. வளர்ச்சி விகிதத்தின் பக்கத்தில் அதையும் எழுத வேண்டும்.

இந்தப் பெண்கள் அடங்கிக் கிடந்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் கையில் இருந்த சங்கங்களை அவர்கள் ஒவ்வொன்றாகக் கைப்பற்றினார்கள். இஞ்சியோன் நகரின் தோங்-இல் நூற்பாலையில் 1972-ல் ஒரு பெண் தொழிலாளி சங்கக் கிளைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நாட்டில் அது முதல் முறை. 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற டோப்பா கம்பெனி மூடப்பட்டபோது ஏறக்குறைய இருநூறு பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். காவல் துறை உள்ளே புகுந்து இழுத்துப் போட்டதில் ஒரு பெண் இறந்தாள். அதிலிருந்து எதிர்க்கட்சித் தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றம், பூசானிலும் மாசானிலும் கலவரம் என்று ஒன்றையொன்று தொட்டு, அக்டோபர் 26-ல் பார்க் சுங்-ஹீ தன் உளவுத் துறைத் தலைவராலேயே சுடப்பட்டு இறந்தார். டோப்பா பின்னிய பெண்களின் மறியல் பதினெட்டு ஆண்டு ஆட்சியின் முடிவுக்கு இப்படியும் ஒரு கண்ணியாகியது. 1987 கோடையில் நடந்த பெரும் வேலைநிறுத்த அலைக்குப் பிறகு கூலி வேகமாக ஏறியது. லூயிஸ் சொன்ன உபரி அதற்கு முன்பே வற்றியிருந்தது. ஆனால் உபரி வற்றினால் கூலி தானாக ஏறிவிடும் என்று எண்ணுபவர்கள் அந்தக் கோடையைப் படிக்க வேண்டும்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

இந்தியாவிலும் அந்த மூன்று கோடுகள் உண்டு. வருமானக் கோடுகள் புத்தகத்தில் உள்ளபடியே நடந்துகொண்டன. 1950-51-ல் நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் வேளாண்மை. இன்று 18 விழுக்காட்டை ஒட்டி. ஆட்களின் கோடு அப்படி நடந்துகொள்ளவில்லை. 2018-19-ல் வேலை செய்பவர்களில் 42.5 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தார்கள். கொரோனா வந்தது, நகரத்திலிருந்து நடந்தே ஊர் திரும்பினார்கள், 2020-21-ல் அது 46.5 ஆயிற்று. நியாயமாக அதன் பிறகு இறங்கியிருக்க வேண்டும். 2023-24-லும் 46.1. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத துறையில் உழைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிற்கிறார்கள். ஆலைகளின் பங்கு பல பத்தாண்டுகளாக 11, 12 விழுக்காடு என்ற இடத்தைச் சுற்றியே வருகிறது.

வயலை விட்டவர்கள் எங்கே போனார்கள்? பெருமளவு கட்டட வேலைக்கு. 2004-05-க்கும் 2011-12-க்கும் இடையில் கட்டுமானத்தில் ஆட்கள் ஏறத்தாழ இரு மடங்கானார்கள். கம்பி கட்ட, சென்ட்ரிங் அடிக்க, செங்கல் சுமக்கப் போனவர் யார் என்று பார்த்தால் அநேகமாக மகன்தான். அவர் மழைக்காலத்தில் ஊர் திரும்புவார், நாற்று நடவுக்கு ஒரு கை கொடுப்பார், திருவிழா முடிந்து மறுபடி போவார். ஊருக்கு வெளியே காலை முழுதாக எடுத்து வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, அந்த வேலையில் பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, அடுத்த மாதம் வேலை உண்டா என்பதே தெரியாது. குடும்பம் ஊரில் இருக்கிறது. அங்குள்ள அரை ஏக்கரை யார் பார்ப்பது? மனைவியும் அம்மாவும். இந்தியக் கிராமங்களில் வேலை செய்யும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இன்று வேளாண்மையில் இருக்கிறார்கள். வேலை செய்யும் பெண்களில் நான்கில் மூன்று பேர் அங்கேதான்.

அண்மை ஆண்டுகளில் பெண்கள் வேலைக்கு வருவது பெருகிவிட்டது என்று ஒரு மகிழ்ச்சிச் செய்தி சொல்கிறார்கள். 2017-18-ல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23 விழுக்காட்டினர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 2023-24-ல் 42 விழுக்காட்டை ஒட்டி. எண் பொய்யில்லை. ஆனால் கூடுதலாக வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலத்தில், சொந்த மாட்டுத் தொழுவத்தில், சம்பளமில்லாத வீட்டு உதவியாளர் அல்லது சுயதொழில் செய்பவர் என்ற கட்டத்தில் வருகிறார்கள். பால் கறப்பதை முன்பும் அவர்கள்தான் செய்தார்கள். இதைக் கொரியப் பெண்ணின் ரயில் பயணத்தோடு ஒரே பட்டியலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மகள் ஏன் போகவில்லை? வழக்கமான பதில் 'நம் பண்பாடு' என்பது. எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. கொரியாவும் கன்பூசியம் ஊறிய நாடு. பெண் வாசலைத் தாண்டுவது அங்கேயும் குலப் பெருமைக்கு உகந்ததாக இருக்கவில்லை. 2023-ல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் 1995-ல் எழுதிய ஆய்வு ஒன்றில் இதைத் தொடுகிறார். மனைவி ஆலையில் உடலுழைப்பு வேலைக்குப் போனால் கணவன் கையாலாகாதவன் என்று ஊர் பேசும். அதனால் குடும்ப வருமானம் கொஞ்சம் ஏறியதும் பெண்கள் பின்வாங்குவார்கள்; படித்து, மேசை வேலை கிடைக்கும் நிலை வந்த பிறகு திரும்ப வருவார்கள். இந்தத் தடையைத் திருமணமாகாத மகளை அனுப்பிக் கொரியா சுற்றிக்கொண்டு போயிற்று. அதற்கு மகளை வேலைக்கு எடுக்கும் ஆலை இருக்க வேண்டும். நம்மிடம் அது குறைவு. ஆயத்த ஆடை உற்பத்தி 2000 வரை சிறுதொழிலுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே கூரையின் கீழ் தைக்கும் ஆலை எழவே வழியில்லாத கொள்கை. 1948-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களுக்கு ஆலை வேலை கூடாது என்றது. பாதுகாக்கத்தான் அப்படி எழுதினார்கள். அந்தப் பிரிவு செல்லாது என்று 2000-ல் தீர்ப்பளித்தது நம் சென்னை உயர் நீதிமன்றம்.

இங்கேதான் தமிழ்நாடு வித்தியாசப்படுகிறது. இந்தியாவில் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் நாம் பதினெட்டில் ஒரு பங்குதான். கொரிய வழிக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்த இந்திய மாநிலம் இது.

ஏன் இங்கே? பள்ளி, சத்துணவு, பேருந்து என்று சொல்வார்கள், நானும் சொல்வேன். கூடவே இன்னொன்று. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். அவற்றில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அதே ஊருக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் 2008 வரை பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் அதிக ஊர்களுக்குக் கிடைக்காத ஆவணம் அது. தொடக்கத்தில் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் ஊர். கடனுக்குக் கட்டுண்ட படியாட்கள். ஏறக்குறைய நூறாண்டு முடிவில் படியாள் முறை இல்லை. வெளியூர் வேலை ஊருக்குள் பணம் கொண்டுவருகிறது. பண்ணை வீட்டின் சொல்லுக்குப் பழைய கனம் இல்லை. கொரியாவில் ஒரு சட்டம் சில ஆண்டுகளில் செய்ததை இங்கே வெளியூர் வேலையும், ஓட்டும், ரேஷன் அரிசியும் சேர்ந்து பல பத்தாண்டுகளில், அரைகுறையாக, செய்தன. நிலம் கைமாறியது குறைவு. ஆள் கைவிட்டுப் போனது நடந்தது.

நம் மகள்கள் போன முதல் வழி அழகானதில்லை. கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் போய் வீடு திரும்பினால் அந்தத் தொகை கிடைப்பதே பாடு. கொரிய மகள் அண்ணனின் பள்ளிக் கட்டணத்துக்காகப் போனாள், நம் மகள் தன் வரதட்சணையைத் தானே சம்பாதிக்கப் போனாள். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது அலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியபோது உள்ளே போனவர்கள் பெரும்பாலும் ஐ.டி.ஐ. படித்த மகன்கள். செல்போன் பொருத்தும் ஆலைகள் வந்தபோது மகள்கள் போனார்கள். விடியற்காலை கம்பெனி பஸ்களில் கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்கிக்கொண்டே போகும் முகங்களைப் பார்த்தால் இருபத்தைந்தைத் தாண்டிய முகம் குறைவு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. குரோவில் பெண்கள் தேன்கூட்டு அறைகளில் அடைந்து கிடந்ததை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். ஷிப்டு முடிந்து இரவுப் பள்ளியில் படித்த குரோப் பெண்களில் ஒருவர் ஷின் க்யுங்-சூக். இன்று கொரியாவின் முன்னணி நாவலாசிரியர். விடுதி கட்டுபவர்கள் ஒரு மாலைக் கல்லூரியையும் பக்கத்தில் கட்டினால் தேவலை.

கொரியாவைப் பின்பற்றினால் போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஆலைகளின் பங்கு 1989-ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. தையல் வேலை இந்தோனேசியாவுக்கும் வியட்நாமுக்கும் போயிற்று. குரோவுக்கு 2000-ல் 'சியோல் டிஜிட்டல் தொழிற்பேட்டை' என்று பெயர் மாற்றி மென்பொருள் கம்பெனிகளைக் குடியேற்றினார்கள். 1997 நெருக்கடியில் வேலை இழந்த அப்பாக்கள் பணிக்கொடைப் பணத்தில் பொரித்த கோழிக் கடை போட்டார்கள். என்ன படித்தாலும் கடைசியில் கோழிக் கடைதான் என்பது அங்கே பழகிப்போன நகைச்சுவை. சிறு ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் ஆள் கிடைக்காமல் 2004 முதல் இலங்கை, வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் அழைக்கிறார்கள். இன்று ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கைக்கு உலகிலேயே அதிக ரோபோ வைத்திருக்கும் நாடு அது. அதே வகை ஆலை இங்கே வரும்போது, அன்று குரோவுக்குத் தேவைப்பட்ட அத்தனை கைகள் அதற்குத் தேவைப்படாது.

அந்தப் பெண்களுக்குத்தான் என்ன ஆயிற்று? திருமணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது கொரியக் கம்பெனிகளில் எழுதப்படாத, பல இடங்களில் எழுதியே வாங்கிய விதி. 1987-ல்தான் சட்டம் அதைத் தடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறை வீடு திரும்பியிருந்தது. வயதுவாரியாகக் கொரியப் பெண்களின் வேலை வரைபடம் நீண்ட காலம் இருபதுகளில் ஏறி, முப்பதுகளில் பள்ளமாகி, நாற்பதுகளில் மறுபடி ஏறியது. அந்த இரண்டாம் ஏற்றத்தில் கிடைத்தவை ஹோட்டல் சமையல், துப்புரவு, தற்காலிக வேலை. ஆனாலும் அவர்கள் திரும்பிய வீடு நகரத்தில் இருந்தது. கணவனுக்கு ஆலைச் சம்பளம் வந்தது. பிள்ளைகள் நகரப் பள்ளிக்குப் போனார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் விடுதியிலிருந்து இருபத்தைந்து வயதில் புறப்படும் பெண் எங்கே திரும்புகிறாள்? திருவண்ணாமலைப் பக்கமோ, விழுப்புரம் பக்கமோ, தன் அம்மா களையெடுத்த ஊருக்கு. அங்கே களையெடுக்கும் வேலையும் அரசின் ஊரக வேலைத் திட்டமும்தான் உண்டு. பன்னிரண்டாவது முடித்து ஐந்து வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் நின்றவள் அதற்குப் போகமாட்டாள். கணக்கெடுப்பில் 'வீட்டு வேலை' என்ற கட்டத்துக்குள் போய்விடுவாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017-ல் சட்டம் வந்துவிட்டது. காப்பகம் இருந்தாலும், கணவனுக்கும் அதே வட்டாரத்தில் வேலையும், இருவர் சம்பளத்தில் கட்டுபடியாகும் வாடகைக்கு ஒரு வீடும் இல்லாவிட்டால் அவள் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. ஒற்றைப் பெண்களுக்கு 18,720 படுக்கை கட்டத் தெரிந்த அரசுக்கு, அதே வட்டாரத்து ஒரகடத்தில் ஒரு படுக்கையறை வீடுகள் இருபதாயிரம் கட்டத் தெரியாதா?

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கை வரும்போது எல்லாரும் வேளாண்மையின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். நீங்கள் தரவை இறக்கி, தமிழ்நாட்டில் ஆலைகளில் இருக்கும் பெண்களை வயதுவாரியாகப் பிரியுங்கள். 20 முதல் 24 வரை எத்தனை, 30 முதல் 34 வரை எத்தனை என்று பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் நகர்ந்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.